பூவாமல் காய்ப்பதும் விதையாமல் முளைப்பதும்

விதை முளைக்கும் விதம் பற்றியும், பூவின் துணையின்றிப் பெருகும் தாவரங்கள் பற்றியும் வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடம் கருதிச் சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைகட்டினோம். பயறு எந்தப் பக்கமாகக் கிடந்தாலும் முதலில் வேர்தான் வருகிறது. அதுவும் கீழ்நோக்கியே வளைகிறது. கண்ணில்லாத விதைக்கு மேலும் கீழும் எப்படித் தெரிகிறது? (இல்லத்தரசி, திருவண்ணாமலை)

பதில்: முதலில் ஒரு நிலக்கடலையைப் பிளந்து பாருங்கள். ஒரு பாதியின் நுனியில் சின்னஞ்சிறு மூக்குப் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பலர் அதைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பருப்பை மட்டும் தின்பார்கள். உண்மையில் செடி என்பது அந்த மூக்குதான். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு முளைவேர் என்பதும், பருப்புக்குள் புதைந்திருக்கும் முனையில் குட்டி இலைகள் மடித்து வைக்கப்பட்டிருப்பதும் தெரியும். நாம் விரும்பித் தின்னும் இரண்டு பாதிகளும் அந்தக் கருவுக்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

கட்டுச்சோறு கையில் இருப்பதால் கருவுக்கு முதல் சில நாள்களுக்கு உணவுக் கவலை இல்லை. நீரும் பிடிமானமும்தான் உடனே வேண்டும். அதனால்தான் விதை நீரை உறிஞ்சி உப்பி, தோல் கிழிந்ததும் முதலில் வேரை நீட்டுகிறது. அந்த வேரின் நுனியில் தொப்பி போன்ற ஓர் உறை உண்டு. அதன் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. செம்பில் போட்ட கூழாங்கல் போல அவை எப்போதும் அடிப்பக்கத்தில்தான் படியும். விதையை நீங்கள் திருப்பி வைத்தால் மணிகளும் உருண்டு புதிய அடிப்பக்கத்துக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் கூடுதலாகச் சேர்கிறது. வேரில் ஆக்சின் மிகுந்தால் வளர்ச்சி மட்டுப்படும். ஆகவே மேற்பக்கம் நீள, கீழ்ப்பக்கம் பின்தங்க, வேர் கீழே வளைகிறது. தண்டிலோ அதே ஆக்சின் வளர்ச்சியைத் தூண்டுவதால் தண்டு மேலே நிமிர்கிறது. திசையை உணர்வது வேரின் நுனியே என்று சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் 1880இல் எழுதினார்கள். நுனி நறுக்கப்பட்ட வேர்கள் தொடர்ந்து வளர்ந்தன, ஆனால் வளையவில்லை.

உங்கள் மகள் பச்சைப்பயறுக்குப் பக்கத்திலேயே கொண்டைக்கடலையையும் மண்ணில் ஊன்றிப் பார்க்கட்டும். பயறு தன் இரண்டு பருப்புகளையும் தலையில் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். கொண்டைக்கடலை அவற்றை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் அனுப்பும். தானியங்களில் கட்டுச்சோறு வேறு வகையானது. கேழ்வரகை முளைகட்டினால் கரு அனுப்பும் ஜிப்ரலின் என்னும் செய்திப்பொருள் விதையின் ஓரச் செல்களைத் தட்டி எழுப்ப, அங்கே சுரக்கும் நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. முளைகட்டிய கேழ்வரகில் காய்ச்சிய கஞ்சி சற்றே இனிப்பது அதனால்தான். பிள்ளைக்குக் காய்ச்சும் அந்தக் கஞ்சி, நாற்றுக்கு வைத்திருந்த உணவில் நாம் வாங்கிய பங்கு.

கேள்வி: போன ஆண்டு எடுத்துவைத்த விதைநெல் இந்த ஆண்டு பழுதில்லாமல் முளைத்தது. அதே அறையில் வைத்திருந்த வேப்பங்கொட்டையில் ஒன்றுகூட முளைக்கவில்லையே, ஏன்? (விவசாயி, மன்னார்குடி)

பதில்: நெல்லும் பயறும் எள்ளும் காய்வதற்கென்றே பிறந்த விதைகள். விதைநெல்லின் ஈரப்பதத்தை 13 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். கடித்தால் நறுக்கென்று முறிய வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அதையே. அந்த அளவுக்குக் காய்ந்த கரு இறப்பதில்லை. மூச்சை மிகவும் அடக்கிக்கொண்டு காத்திருக்கும். மா, பலா, நாவல் போன்றவை இதற்கு நேர்மாறானவை. அவை முதிரும்போதும் கொட்டை ஈரமாகவே இருக்கும். உலர்த்தினால் கருவே செத்துவிடும். வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓரளவு உலர்வதைத் தாங்கினாலும், வீட்டு அறையில் வைத்தால் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை வேகமாக இழக்கும். பழம் உதிர்ந்ததும் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காலம் தாழ்த்தாமல் ஊன்றிவிடுங்கள். மரத்தின் கணக்கும் அதுதான்: ஆனி, ஆடியில் கொட்டை விழுகிறது, அடுத்து மழை வருகிறது, அது ஏன் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

காத்திருப்பதிலும் அளவு உண்டு. அறுவடை நேரத்தில் அடைமழை பிடித்து, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிட்டு நீங்கள் நட்டப்பட்டிருப்பீர்கள். அறுத்த பிறகும் சில வாரம் முளைக்காமல் அடங்கியிருக்கும் உறக்கத்தன்மை அந்த இரகத்தில் குறைவு என்பதே காரணம். நீண்ட உறக்கத்துக்குப் பேர்பெற்றது தாமரை. அதன் கொட்டையின் ஓடு நீரைத் துளியும் உள்ளே விடாது. கல்லில் தேய்த்துக் கொடுத்தால்தான் முளைக்கும். வடகிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஓர் ஏரிப்படுகையில் கிடைத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமையான தாமரை விதை முளைத்திருக்கிறது. இஸ்ரேலின் மசாதா கோட்டையை 1960களில் அகழ்ந்தபோது கிடைத்த பேரீச்சங்கொட்டைகள் சுமார் 2,000 ஆண்டுப் பழமையானவை. அவற்றில் ஒன்றை 2005இல் ஊன்றினார்கள், முளைத்து மரமாகிவிட்டது. மெத்துசலா என்று பெயரிட்டார்கள். ஆண் மரம் என்பதால் அது காய்க்காது. அதன் மகரந்தத்தை வைத்துப் பெண் மரத்தைக் காய்க்கச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆலும் அத்தியும் பூக்காமலே காய்க்கின்றனவே, அவற்றின் விதை எப்படி உண்டாகிறது? (வாசகர், பண்ருட்டி)

பதில்: பூவாமல் காய்க்கும் மரத்துக்குக் ‘கோளி’ என்று தமிழில் தனிச்சொல்லே உண்டு. காணக் கிடைக்காததை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். மொழி அழகானது, தாவரவியல் வேறு சொல்கிறது. அத்தி ஒவ்வொரு பருவத்திலும் பூக்கிறது, ஆனால் பூவை உள்ளே வைத்துக்கொள்கிறது. நாம் காய் என்று நினைப்பது, வாயை இறுக்கிக் கட்டிய பை போன்ற பூந்தட்டு. அதன் உட்சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான பொடிப் பூக்கள் நெருங்கியிருக்கும். நுனியில் உள்ள சிறு துளை வழியாக எறும்பினும் சிறிய குளவி ஒன்று நுழைகிறது. நுழையும் நெருக்கத்தில் இறகை இழப்பதும் உண்டு. வரும்போது வேறொரு காயின் மகரந்தத்தைக் கொண்டுவந்து பூக்களில் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையிடுகிறது. ஆல், அரசு, அத்தி, இத்தி ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குளவி. அத்திப்பழத்தைப் பிட்டால் பூச்சி இருப்பதைக் கண்டு முகம் சுளிக்கிறோம். அந்தப் பூச்சி இல்லாவிட்டால், பனைமரத்தின் மட்டையிடுக்கில் பறவை எச்சத்திலிருந்து முளைத்து நிற்கும் ஆலங்கன்று இல்லை.

ஆகவே அத்தியைப் பூவாத மரங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். மெய்யாகவே பூக்காதவை அடுத்த இரண்டு கடிதங்களில் வருகின்றன.

கேள்வி: எங்கள் பகுதியில் ஓடையோரம் ஒரு பெரணி வளர்கிறது. அதன் இலையைக் கையில் வைத்துத் தட்டினால் வெள்ளையாக அப்படியே அச்சு விழும். சிறுவயதில் பச்சை குத்தியது போல விளையாடுவோம். அந்த வெள்ளைப் பொடிதான் பெரணியின் விதையா? வேறு சில பெரணிகளின் இலைக்கடியில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, அது நோயா? (தேயிலைத் தோட்டப் பணியாளர், வால்பாறை)

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. வெள்ளைப் பொடி அந்த இலையின் அடிப்பரப்பு சுரக்கும் மெழுகு போன்ற பொருள். அந்தப் பெரணி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் மலைகளில் ஊரோடு ஒன்றாகிவிட்டது. கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் பிள்ளைகள் இதே விளையாட்டை விளையாடக் கண்டிருக்கிறேன். பழுப்புப் புள்ளிகள்தான் நீங்கள் தேடுபவை. வரிசை பிசகாமல், நரம்பின் இருபுறமும் இடைவெளி விட்டு அமைந்திருப்பதைக் கவனியுங்கள். நோய் இவ்வளவு ஒழுங்காக வராது. ஒவ்வொரு புள்ளியும் நுண்ணிய பைகளின் கூட்டம். ஒவ்வொரு பையிலும் ஸ்போர் எனப்படும் வித்துத்தூள் நிறைந்திருக்கிறது. புள்ளிகள் முற்றிய இலை ஒன்றைக் கொய்து, அடிப்பக்கம் கீழே படும்படி வெள்ளைத்தாளில் வைத்து, காற்றுப்படாமல் ஒரு புத்தகத்தை மேலே வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் தாளில் இலையின் உருவம் பழுப்புத் தூளால் வரையப்பட்டிருக்கும். பையின் முதுகில் உள்ள செல்வளையம் காயும்போது பின்னோக்கி வளைந்து, உண்டிவில் போலத் திடீரென்று மீள, தூள் வீசி எறியப்படுகிறது.

இந்தத் தூளை விதை என்று சொல்லக் கூடாது. விதைக்குள் கருவும் கட்டுச்சோறும் இருக்கும் என்று மேலே சொன்னேன். இதிலோ இரண்டுமே இல்லை, ஒரே ஒரு செல் மட்டும். அது ஈரமண்ணில் விழுந்து முளைத்தாலும் உடனே பெரணி வராது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக, இதய வடிவத்தில், தரையோடு ஒட்டிய பச்சைத் தகடு ஒன்று வளர்கிறது. வால்பாறையில் மழை விட்டபின் மண்சரிவுகளில் பாசிக்கு நடுவே தேடினால் கிடைக்கும். எல்லாரும் பாசி என்றே கடந்துபோவார்கள். அந்தத் தகட்டின் அடியில்தான் ஆண் செல்லும் பெண் செல்லும் உருவாகின்றன. ஆண் செல்லுக்கு நீந்தத் தெரியும், பறக்கத் தெரியாது. ஒரு படலம் தண்ணீர் இருந்தால் போதும், அது நீந்திச் சென்று பெண் செல்லைச் சேர, அங்கிருந்து சுருண்ட தளிரோடு நமக்குத் தெரிந்த பெரணி எழுகிறது. பெரணி, பாசி, ஊசியிலை மரங்கள் அனைத்திலும் இப்படி இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வருகின்றன என்று ஜெர்மானியரான ஹோப்மைஸ்டர் 1851இல் எடுத்துக்காட்டினார். புத்தகக்கடை நடத்தியவர் அவர், பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர்.

பழங்கிணற்றுச் செங்கல் சுவரின் கசிவிடங்களில் மட்டும் பெரணி செழித்திருப்பதன் இரகசியம் இந்த நீச்சல்தான். வயல்வரப்பில் பறித்துச் சமைக்கும் ஆரைக்கீரையும், மாட்டுத்தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும்கூடப் பெரணிக் குடும்பங்களைச் சேர்ந்தவை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆரையின் அடித்தண்டைப் புரட்டினால் சிறு பயறு போன்ற கெட்டியான உருண்டைகள் தென்படும். குளம் வற்றி வெடித்துக் கிடக்கும் காலமெல்லாம் அதன் வித்துத்தூள் அந்த உருண்டைக்குள் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்கள். அது எந்தச் செடியின் பூ? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: எந்தச் செடியின் பூவும் அல்ல. மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும், பார்ப்பதற்குக் குட்டைப் பனை போன்ற சைகஸ் மரத்தின் ஆண் கூம்பு அது. காய்ந்து உதிர்ந்த செதில்களையே பூ என்று பொட்டலம் கட்டுகிறார்கள். மலையாளத்தில் அம்மரத்தை ஈந்து என்பார்கள். பூக்கும் தாவரங்களில், விதையாக மாறும் சூல், சூலகத்துக்குள் மூடப்பட்டிருக்கும். பின்னர் அந்த மூடியே கனியாகும். சைகஸின் பெண் மரத்திலோ இலை போன்ற உறுப்பின் விளிம்பில் சூல்கள் திறந்தபடி அமர்ந்திருக்கின்றன. எனவே அதற்கு விதை உண்டு. பூவும் இல்லை, கனியும் இல்லை. கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் பைன் மரங்களும் இந்த வகையே. அவை அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

சைகஸில் பழைய நினைவு ஒன்று மிச்சம் இருக்கிறது. மகரந்தத்தைக் காற்றும் வண்டும் கொண்டுவந்து சேர்த்த பிறகு, சூலுக்குள் சுரக்கும் துளி நீரில் ஆண் செல் பெரணியைப் போலவே நீந்திச் செல்கிறது. விதைத் தாவரங்களில் இப்படி நடக்கும் என்று யாரும் எண்ணியிராத நிலையில், 1896இல் ஜப்பானில் ஹிராசே என்பவர் ஜிங்கோ என்னும் பூவாத விதை மரத்திலும், இகேனோ என்பவர் சைகஸிலும் அதைக் கண்டார்கள்.

இவற்றில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம் என்பதால் துயரமான நிலையும் நேர்ந்திருக்கிறது. 1895இல் தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டில் ஜான் மெட்லி வுட் என்பவர் சைகஸின் உறவான ஓர் ஆண் மரத்தைக் கண்டெடுத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதற்கு ஒரு பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகின் தாவரத் தோட்டங்களில் இன்று நிற்பவை யாவும் அந்த ஒற்றை மரத்தின் அடியில் வெடித்த பக்கக்கன்றுகளின் வழி வந்தவை, எல்லாம் ஆண்.

கேள்வி: வாழை பூக்கிறது, காய்க்கிறது, ஆனால் விதை இல்லை. கரும்பையும் தண்டுத் துண்டான கரணை வைத்தே நடுகிறோம். பூவும் விதையும் இல்லாமலே காலம் தள்ளலாம் என்றால் செடிகள் எதற்காகப் பூக்க வேண்டும்? (வாழை விவசாயி, சின்னமனூர்)

பதில்: நல்ல கேள்வி, சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியது. வாழைப்பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள், விதையாக வேண்டியிருந்து தேய்ந்துபோன சூல்கள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன் ஆகியவற்றின் செல்களில், மரபுக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் மும்மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. மகரந்தமும் சூலும் உருவாகும்போது தொகுதிகள் சமமாகப் பிரிய வேண்டும். மூன்றை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட முடியாதே, அதனால் விதை பிடிப்பதில்லை. மகரந்தச் சேர்க்கை நடக்காமலே காய் சதைபிடிப்பது இந்த வாழைகளின் குணம். காட்டு வாழைகளில் பல்லை உடைக்கும் கருங்கொட்டைகள் நிறைய உண்டு. முன்னொரு காலத்தில் விதையற்ற தாரை யாரோ கண்டு, அதன் கன்றைப் பெயர்த்து நட்டு, பிறகு அதன் கன்றை நட்டு, இப்படியே நம் கைக்கு வந்திருக்கிறது.

நீங்கள் நடும் ஈட்டி இலைக் கன்று, தாய்வாழையின் கிழங்கில் இருந்த ஒரு மொட்டு. அதைத் தாயின் பிள்ளை என்பதைவிடத் தாயே என்பது பொருந்தும். ‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துகிறோமே, அது சொல்வது ஒரே உயிரின் நீட்சியை. ஆதாயம் வெளிப்படை: ரஸ்தாளியை நட்டால் ரஸ்தாளியே கிடைக்கும், அதுவும் விரைவில். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தாய்க்கு முடிக்கொத்து நோய் இருந்தால் கன்று அதைச் சுமந்துகொண்டே வரும். பழனி மலையின் மலைவாழைத் தோட்டங்களை அந்த நோய் வாட்டியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் தோப்பு முழுவதுக்கும் இல்லை. மத்திய அமெரிக்காவின் குரோ மிஷல் வாழையைப் பனாமா வாடல் நோய் துடைத்தெடுத்தபோது, கடந்த நூற்றாண்டின் நடுவில் உலகச் சந்தையே கேவண்டிஷ் வாழைக்கு மாற வேண்டியதாயிற்று. நம் ரஸ்தாளியும் வாடல் நோய்க்கு எளிதில் இரையாவதே.

பூ எதற்கு என்ற கேள்விக்குக் கரும்பு நேரடியாகவே விடை சொல்லியிருக்கிறது. கரும்பு விதை முளைக்காது என்றே நெடுங்காலம் கருதினார்கள்; முளைக்கும் என்பது 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸிலும்தான் உறுதியாயிற்று. கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிப்பதால், 1912இல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் அங்கே தொடங்கப்பட்டது. அந்நிலையத்தின் அறிவியலாளர்களான பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த, இனிப்பான நாட்டுக் கரும்பின் பூவோடு தோட்டத்துக்கு வெளியே களையாக நின்ற காட்டு நாணலைச் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 என்னும் இரகம் 1918இல் வெளியாகி, வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கியது. இந்தக் கலப்பினச் சேர்க்கையைக் கரணையால் செய்திருக்கவே முடியாது. ஆனால் அந்தப் புதிய இரகம் பிறந்த மறுகணமே, அதை மாறாமல் வைத்திருக்க மீண்டும் கரணைதான் வேண்டியிருந்தது.

நம் ஊரில் நடவுக்கு எடுத்துவைக்கும் எதையும் விதை என்றுதான் சொல்கிறோம்: விதைமஞ்சள், விதையுருளை, விதைக்கரணை. மஞ்சள் தரையடித் தண்டு. உருளைக்கிழங்கின் கண் ஒவ்வொன்றும் மொட்டு. மர முருங்கைக்குப் போத்து வெட்டி நடுகிறோம். பெரியகுளத்தில் உருவான பிகேஎம்-1 செடிமுருங்கைக்கு விதையே ஊன்றுகிறோம். மதுரைப் பக்கம் மணக்கும் மல்லிகைக்கு நாற்று பெரும்பாலும் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்து மணலில் குச்சி வைத்து வேர்பிடிக்க வைத்தது. விதையிலிருந்து வந்த மல்லிகையைப் பார்த்தவர் அரிது.

கடைசியாக ஒரு வேடிக்கை. எல்லா விதையும் கலப்பினால் பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். எலுமிச்சை விதை ஒன்றை ஊன்றினால் சில சமயம் இரண்டு, மூன்று கன்றுகள் வரும். வெள்ளைக்கொழும்பான் மாங்கொட்டையும் அப்படியே. அவற்றில் பல, தாயின் திசுவிலிருந்தே விதைக்குள் முளைத்த நகல்கள். அவை ஒரே சீராக வளர்வதால்தான் வெள்ளைக்கொழும்பானை ஒட்டுக்கட்டுவதற்கு அடிக்கன்றாக வைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: பூவும் விதையும் இல்லாமல் செடி பெருகுவதை வகுப்பறையில் எளிதாகக் காட்ட என்ன செய்யலாம்? (ஆசிரியை, அறந்தாங்கி)

பதில்: ரணகள்ளி இலை ஒன்று போதும். மண்ணும் வேண்டாம், நீரும் வேண்டாம். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று ஊரில் கேட்டால் வேலியோரத்தில் காட்டுவார்கள். முற்றிய இலையைக் காம்போடு கிள்ளி, நூலில் கட்டி சன்னலோரம் தொங்கவிடுங்கள். விளிம்பில் அலையலையாக இருக்கும் வெட்டுகளின் பள்ளத்தில் ஒவ்வொரு மொட்டு உறங்குகிறது. இலை செடியோடு இருக்கும்வரை செடி அதை அடக்கிவைத்திருக்கும், பிரித்ததும் விழித்துக்கொள்ளும். ஓரிரு வாரத்தில் பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டு இலையும் நூல் போன்ற இளஞ்சிவப்பு வேருமாகக் குட்டிகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். தாய் இலை சுருங்கத் தொடங்கியதும் குட்டிகளைக் கிள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம். தேங்காய்ச் சிரட்டை மண்ணில் வைத்தாலே பிடித்துக்கொள்ளும்.